பூனைக்கு இனிஷியல் இல்லை

பழைய எலும்பு ஒன்றிடம் உன் அப்பன் யார் என்று கேட்பதைவிட உன் அம்மா யார் என்று கேட்பது எளிது. பள்ளிச் சேர்க்கைப் படிவம் தொடங்கி இறப்புச் சான்றிதழ் வரை நம்மிடம் கேட்கப்படும் வரிசைக்கு இது நேர் எதிர். உயிரணுவின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ, தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி என இரண்டே படிகள்தான். உட்கருவுக்கு வெளியே, உணவை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சிறிய டிஎன்ஏ இருக்கிறது. அது ஓர் உயிரணுவில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் படிகளாக இருக்கும். மண்ணில் புதைந்து, வெயிலில் வெந்து, உப்பில் ஊறி எல்லாம் சிதைந்த பிறகும் அவற்றில் சில தப்பிப் பிழைக்கின்றன. இந்த டிஎன்ஏ பிள்ளைக்குத் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். தொல்லுயிர் ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகள் தாய்வழியையே படித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் பெண்ணியம் அல்ல, சேதாரம்.

பூனைகளின் வரலாறு இப்படித்தான் எழுதப்பட்டது. 2007-இல் கார்லோஸ் டிரிஸ்கல் குழுவினர் 979 பூனைகளின், காட்டுப்பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாம் வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒரு காட்டுப்பூனையின் வழிவந்தவை, அவற்றின் தாய்வழிகள் குறைந்தது ஐந்து என்றார்கள். ஐந்து மூதாய்கள். அதைப் படித்தபோது எனக்குள் ஒரு கவிஞருக்கே உரிய அற்ப மகிழ்ச்சி எழுந்தது. கன்னிமார் எழுவர் போல, பூனைக் குலத்துக்கு ஐந்து அம்மன்கள்! 2017-இல் கிளாவ்தியோ ஒட்டோனியும் அவருடைய கூட்டாளிகளும் 200-க்கு மேற்பட்ட பழம்பூனைகளின் எச்சங்களிலிருந்து தாய்வழி டிஎன்ஏ எடுத்து ஒரு வரைபடம் போட்டார்கள். அனத்தோலியாவிலிருந்து உழவர்களோடு ஒரு வழி. எகிப்திலிருந்து கப்பல்களோடு இன்னொரு வழி. பால்டிக் கடலோரத்து வைக்கிங் துறைமுகம் ஒன்றிலும், ஈரானின் சிராஃப் துறைமுகத்திலும்கூட எகிப்தியத் தாய்வழிப் பூனைகள் கிடைத்தன. தானியம் இருந்த இடத்தில் எலி, எலி இருந்த இடத்தில் பூனை, இவை மூன்றும் இருந்த இடம் கப்பல்.

அந்த வரைபடத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு கோடு உண்டு. எகிப்தின் செங்கடல் கரையிலிருந்த பெரனிகே துறைமுகத்தில், கி.பி. 1-2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பூனை எலும்பில் ஆசியக் காட்டுப்பூனையின் தாய்வழி டிஎன்ஏ இருந்தது. பெரனிகே நமக்குப் புதிய பெயர் அல்ல. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்த இடம். அங்கே ஒரு கோயில் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. இந்தியத் தேக்கு கிடைத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து கொண்டுபோன குரங்குகளின் எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன.

நான் இதைக் குயிலாப்பாளையத்தில் இருந்து எழுதுகிறேன். செம்மண்ணும் முந்திரியும் உள்ள ஊர். கிழக்கே இறங்கினால் கடல். வடக்கே கழுவேலி ஏரியைத் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். சங்க நூல்கள் சொல்லும் எயிற்பட்டினம் அதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். தெற்கே புதுச்சேரிக்கு அப்பால் அரிக்கமேடு. 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டி, அதை ரோம வணிக நிலையமாக உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடியும் தோண்டியபோதுதான், ரோமத் தொடர்புக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததும், அந்தத் தொடர்பு குறைந்த பிறகும் நெடுங்காலம் ஊர் இயங்கியதும் அழுத்தமாகச் சொல்லப்பட்டன. வெளியூர்க்காரன் வந்துதான் ஓர் ஊருக்கு உயிர் வந்தது என்ற கதையைத் திருத்த ஒரு பெண் வர வேண்டியிருந்தது என்று எழுத ஆசைதான். அவரோடு உழைத்த ஆண்களும் இருந்தார்கள். ஆனாலும் இந்த வரியை நான் அடிக்கப்போவதில்லை.

இப்படி ஒரு கரையில் இருந்துகொண்டு பெரனிகேப் பூனையைப் பற்றிப் படித்தால் "நம்ம பூனை" என்று நாக்கு துடிக்கும். துடிக்க வேண்டாம். ஆசியக் காட்டுப்பூனை கட்ச், ராஜஸ்தான், சிந்து எனும் வறண்ட நிலங்களின் விலங்கு. சோழமண்டலக் கரையின் விலங்கு அல்ல. ஏறிய துறை எதுவென்று எலும்பு சொல்லாது. உலகின் முதல் பூனை தமிழ்ப்பூனை என்று நாளைக்கு யாராவது மேடையில் முழங்கினால் அவர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. அதே பெரனிகேயில் மார்த்தா ஓசிபின்ஸ்கா ஒரு விலங்கு இடுகாட்டை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார். 585 விலங்குகள், பெரும்பாலும் பூனைகள். சிலவற்றின் கழுத்தில் மணிமாலை. எகிப்தியக் கோயில்களுக்குக் காணிக்கையாக விற்கக் கழுத்தை முறித்துப் பதப்படுத்திய பூனைகளைப்போல் அல்லாமல், இவை தாமாகச் செத்து, உறங்கும் நிலையில் கிடத்தப்பட்டவை. பல் போன விலங்குகளும், நோய்ப்பட்ட விலங்குகளும் வயதேறும்வரை பிழைத்திருக்கின்றன, யாரோ ஊட்டியிருக்கிறார்கள். உணவும் தண்ணீரும் வெளியிலிருந்து வர வேண்டிய பாலைவனத் துறைமுகத்தில். ஊட்டிய கை யாருடையது என்பதற்கு எந்த டிஎன்ஏவும் கிடையாது. மரபணு பெற்றவரைக் காட்டும், வளர்த்தவரைக் காட்டாது. இதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஒரு தாய்வழி ஓர் ஊரில் வேரூன்ற வேண்டுமானால் அங்கே ஒரு பெண் போயிருக்க வேண்டும். ஒரு கடுவன் தனியாகக் கப்பலேறிப் போனால் அவன் தாயிடமிருந்து பெற்ற டிஎன்ஏ அவன் எலும்போடு முடிந்துவிடும். ஆகவே பூனைகளின் தாய்வழி வரைபடம் என்பது பெண்பூனைகள் இடம்பெயர்ந்த வரைபடம். இதில் ஒரு முரண் இருக்கிறது. பெண்பூனை இடம்பெயர விரும்பாத உயிர். உணவு கிடைக்கும் இடத்தில் தாய், மகள், பேத்தி, சிற்றன்னை என்று கூடி வாழும்; ஒருத்தியின் குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுக்கும். சுற்றி அலைவது கடுவன்தான். பொம்மையார்பாளையத்துக் கரையில் வலையைப் பிரிக்கும்போது வந்து சேரும் பூனைகளைப் பாருங்கள், இது புரியும். அங்கே மீன் விற்கும் ஓர் அம்மாவிடம், சாம்பல் குட்டிகளைக் காட்டி, இவற்றின் தகப்பன் எது என்று கேட்டேன். "அப்பன் யாருன்னு பூனையே தேடல, நீங்க எதுக்கும்மா தேடுறீங்க?" என்று செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்.

மனிதர்களிடம் கதை தலைகீழ். 1998-இல் மார்க் சீல்ஸ்டட், எரிக் மின்ச், கவாலி-ஸ்ஃபோர்சா மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று, தந்தைவழிக் குரோமோசோமான 'ஒய்' ஊருக்கு ஊர் அதிகம் வேறுபடுவதையும், தாய்வழி டிஎன்ஏ பரவலாகக் கலந்து கிடப்பதையும் காட்டியது. அவர்கள் சொன்ன காரணம், பெண்கள் திருமணமாகிக் கணவன் ஊருக்குப் போவது. 2001-இல் வடக்குத் தாய்லாந்தின் மலைக்குடிகளிடம் செய்த ஆய்வில், மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகும் குடிகளில் இது அப்படியே மாறியிருந்தது. அதாவது "வாக்கப்பட்டு வந்தவ" என்ற ஒற்றைச் சொல் உலகத்து ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நம் அம்மாவும் பாட்டியும் ஒரு தகரப்பெட்டியோடு பேருந்திலோ மாட்டுவண்டியிலோ ஏறியதன் தடம் அது.

அறிவியல் கட்டுரைகள் இதைப் 'பெண்களின் அதிக இடப்பெயர்வு வீதம்' என்று குறிப்பிடுகின்றன. போவதற்கும் கொண்டுபோகப்படுவதற்கும் வேறுபாடு தெரியாத சொல். நாம் எழுப்ப வேண்டிய அறக்கேள்வி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாய்வழியைக் கண்டறிவது தாயை அறிவதாகுமா? அந்தப் பூனை எலியைத் துரத்திக்கொண்டு தானாகக் கப்பலேறியதா, கூண்டில் ஏற்றப்பட்டதா என்பதை அதன் டிஎன்ஏ சொல்லாது. அங்கே அது இருந்தது என்பது மட்டுமே தெரியும். வரலாற்றில் பெண் இருந்தாள் என்று நிறுவுவது ஒரு வேலை. அவள் சம்மதத்தோடு இருந்தாளா என்று கேட்பது இன்னொரு வேலை. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நாம் பல நேரங்களில் கைகழுவிவிடுகிறோம்.

தமிழ் வைணவத்துக்குள் இதை ஒட்டிய ஒரு பழைய வழக்கு உண்டு. தென்கலையார் மார்ஜார நியாயம் என்பார்கள்: தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவன் அடியவரைத் தானே எடுத்துச் செல்வான், அடியவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வடகலையார் மர்க்கட நியாயம் என்பார்கள்: குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல் அடியவரின் முயற்சியும் வேண்டும். குட்டி என்ன செய்ய வேண்டும் என்று நூற்றாண்டுகளாக வாதிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் சுமப்பவள் தாய். அவள் ஏன் இடம் மாறுகிறாள், எதற்கு அஞ்சுகிறாள், வாயில் ஒரு குட்டி இருக்கையில் மற்ற மூன்று எங்கே இருக்கின்றன என்பது வாதத்தில் இல்லை. உவமைக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள், அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வர வேண்டும். 2025 நவம்பரில், ஒட்டோனி உள்ளிட்ட ஆய்வாளர்களே முன்பு வரைந்த வரைபடத்தைத் திருத்தினார்கள். ஆய்வுக்கருவிகள் மேம்பட்டுவிட்டதால், இம்முறை தாய்வழித் துணுக்கை மட்டும் படிக்காமல், 70 பழம்பூனைகளின் உட்கரு மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். அனத்தோலியாவிலும் தென்கிழக்கு ஐரோப்பாவிலும் கற்கால உழவர் குடியிருப்புகளில் கிடைத்த பூனைகளுக்கு ஆப்பிரிக்க-ஆசியக் காட்டுப்பூனையின் தாய்வழி இருந்தது உண்மை. ஆனால் உடல் முழுவதும் ஐரோப்பியக் காட்டுப்பூனை. என்றோ நடந்த கலப்பில் ஒரு மூதாயின் டிஎன்ஏ மட்டும் அந்த வழியில் தங்கிவிட்டிருக்கிறது. உண்மையான வீட்டுப்பூனை வட ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்புதான். உழவரோடு நடந்து வந்த பூனை என்ற அழகான கதை சரிந்தது. பெரனிகேப் பூனைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆசியத் தாய்வழி என்பதற்காக அது முழுக்க ஆசியப் பூனை ஆகிவிடாது.

தாய்வழி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். தாய்வழி டிஎன்ஏ அவற்றில் ஒரே ஒருத்தியைக் காட்டுகிறது. தந்தைவழியும் ஒரே ஒருவனைத்தான் காட்டுகிறது. மீதி 1,022 பேர் இரண்டு வழியிலும் இல்லை. அவர்களில் பாதிப் பேர் பெண்கள்: அப்பாவின் அம்மா, அம்மாவுடைய அப்பாவின் அம்மா. தாய்வழிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது நாம் கைவிடுவதும் பெண்களைத்தான்.

இது எனக்குச் சங்கடமானது, ஏனென்றால் தாயின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் போட வேண்டும் என்று மாணவிகளிடம் பேசுகிறவள் நான். அதை இன்றும் பேசுவேன். 1999-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடு இருக்கையிலேயே தாயும் இயற்கைக் காப்பாளர் ஆக முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்த நாடு இது. மகன் பேரில் முதலீட்டுப் பத்திரம் வாங்கத் தாயின் கையொப்பம் செல்லாது என்றிருந்த நாடு. அங்கே தாயின் பெயரை எழுதுவது ஓர் உரிமை. ஆனால் உரிமை வேறு, உண்மை வேறு. தாய்வழி என்றாலே தாயின் ஆட்சி என்று நினைப்பவர்கள் நாஞ்சில் நாட்டு மருமக்கள்தாயத்தைப் பார்க்க வேண்டும். வழி பெண்ணுடையது, சாவி மாமனுடையது. சொத்து காரணவன் கையில், மனைவியும் பிள்ளைகளும் தெருவில் என்ற அவலத்தைத்தான் கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தில் கேலியும் கண்ணீருமாக எழுதினார். கோடு யார் வழியாகப் போகிறது என்பதைவிட, கோடு எதற்கு என்று கேட்பது முக்கியம்.

நம் ஊரில் கோடு எதற்கு என்பதற்குப் பதிலை அம்பேத்கர் 1916-லேயே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் சொல்லிவிட்டார். சாதியின் சாரம் அகமணம். அகமணத்தைக் காக்க வேண்டுமானால் பெண்ணைக் காவல் காக்க வேண்டும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமி மணம் மூன்றும் அந்தக் காவலின் கருவிகள் என்றார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2013-இல், பிரியா மூர்ஜானியும் ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இன்னொரு பக்கத்திலிருந்து அங்கேயே வந்து சேர்ந்தது. 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் பரவலான கலப்பு நடந்திருக்கிறது. அதன் பிறகு அது அருகி, அகமணம் இறுகியிருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,900 ஆண்டுகளுக்கு முன்பு என்றால் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பெரனிகேயில் ஆசியத் தாய்வழிப் பூனை உலவிக்கொண்டிருந்த அதே காலம். மிளகு போனது, தேக்கு போனது, குரங்கு போனது, பூனையும் போனது. இங்கே பெண்ணின் வாசலில் தாழ் விழுந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் காரணத் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் கடலைத் திறந்து வைத்த சமூகம் தெருவை மூடத் தெரிந்த சமூகமாகவும் இருந்திருக்கிறது என்பதை, சங்ககால வணிகப் பெருமை பேசும் மேடைகளில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பூனையிடம் இந்தக் காவல் செல்லாது. பெண்பூனை ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேரும். ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம். நாய், மாடு, குதிரையின் இணையை மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறான். பூனை விஷயத்தில் அது தொடங்கியதே 19ஆம் நூற்றாண்டில்தான். 1871-இல் லண்டன் படிகமாளிகையில் நடந்த பூனைக் கண்காட்சிக்குப் பிறகுதான் 'இனம்', 'தூய வம்சாவளி', சான்றிதழ் எல்லாம் மும்முரமாயின. சான்றிதழ் பெற்ற தூய இனங்கள் சிலவற்றுக்குப் பிறவி நோய்களும் கூடவே வந்தன. பெர்ஷியன் பூனைகளின் சிறுநீரக நீர்க்கட்டி நோய் அதற்குப் பேர்போனது. அகமணத்தின் விலையைப் பூனையும் கொடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

இவ்வளவு கட்டுக்கு அடங்காத உயிரை வீட்டுப்பூனை என்கிறோம். தமிழில் வீடு என்ற சொல் விடு என்ற வேரிலிருந்து வந்தது. அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து அதற்கு விடுதலை என்று பொருள். வீட்டுக்குள் இருந்தும் அந்தப் பொருளை நடைமுறையில் வைத்திருப்பது பூனை ஒன்றுதான் போலும். ஒருவேளை அதனால்தான் அது குறுக்கே போனால் சகுனத்தடை. சகுனத்தடைப் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் நிற்பவள் எதிரே வரும் கைம்பெண். காவலிலிருந்து நழுவிய இருவர்.

பட்டியலையும் படிவத்தையும் விட்டுவிட்டு உடலையே பார்ப்போம். குயிலாப்பாளையத்துத் தெருக்களில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை மூன்றும் கலந்த பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக எல்லாம் பெண். மஞ்சள் நிறத்துக்கான மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; அதன் சரியான இடத்தை 2025-இல்தான் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டன, சுமார் 5,000 எழுத்துகள் விடுபட்டுப் போன ஓர் இடம். கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வந்தது, ஆகவே மஞ்சள் அல்லது கறுப்பு. பெண்ணுக்கு இரண்டு: தாயுடையது ஒன்று, தந்தையுடையது ஒன்று. இரண்டும் ஒரே உயிரணுவில் வேலை செய்வதில்லை. கருவின் தொடக்க நாட்களில் ஒவ்வோர் உயிரணுவும் ஏதாவது ஒன்றை உறங்கவைத்துவிடுகிறது என்று 1961-இல் மேரி லயன் சொன்னார். எலியின் தோல் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது. பூனைக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். எதை உறங்கவைப்பது என்பதற்குப் பூனையிடமும் நம்மிடமும் விதி இல்லை. தாயுடையது மேல், தந்தையுடையது கீழ் என்ற வரிசை இல்லை. முடிவெடுத்த உயிரணுவின் வாரிசுகள் எல்லாம் அந்த முடிவையே பின்பற்றுகின்றன, அதனால் திட்டுத்திட்டாக நிறம். வெள்ளை மட்டும் வேறு கணக்கு. நிறமணுக்கள் போய்ச் சேராத இடம் அது.

எங்கள் தெருக்கோடியில், முந்திரிக்கொட்டை காயப்போடும் தார்ப்பாயின் மேல் ஒருத்தி படுத்திருப்பாள். இடது காது கறுப்பு, தாய் கொடுத்ததாக இருக்கலாம். வலது தோளில் மஞ்சள், அப்படியானால் அது தகப்பன் கொடுத்தது. அல்லது அது தாயுடையது, இது தகப்பனுடையது. நெற்றியில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடு நேராக இல்லை.